கொழும்பில் ஒரு போசன யாத்திரை

யாத்திரை என்றதும் நேயர்களின் மனம் கதிர்காமத்துக்கோ சிவனொளிபாத மலைக்கோ சென்றுவிடும். நாம் கூறவந்த யாத்திரை அத்துணைப் புண்ணியம் வாய்ந்ததன்று. ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் தொடங்கி, மறுநாள் பத்து மணியளவில் கொட்டாஞ்சேனையில் முடிவுற்றது. இடைத்தூரம் பத்துக் கிலோமீற்றர் இருக்கலாம். நடந்தது கொஞ்சம், முச்சக்கர வண்டியில் சென்றது மிச்சம், உண்டதற்கோ கணக்கில்லை.

யாத்திரிகர் நால்வர். 1981ஆம் ஆண்டு கோட்டையிலுள்ள ஒரு கந்தோரில் ஒரே நாளில் எழுதுவினைஞராய்ச் சேர்ந்தவர்கள். ஒருவர் இப்பொழுது ரொறன்ரோவாசி. அவரைக் கனடாக்காரர் என்போம். மற்றவர் பரீட்சைகள் பல தேறிப் பெரிய பதவியிலிருந்து இளைப்பாறியவர். பழைய பழக்கத்தால் இன்றும் அவரைக் கணக்கர் என்றே அழைக்கிறோம். மூன்றாமவர் கொம்பனித்தெருவிற் பிறந்து கொம்பனித்தெருவிலேயே பேரப்பிள்ளை கண்ட மலாய் நண்பர். நான்காவது ஆள் நாம். நாம் பிறவிச் சைவம், முட்டையும் தொடுவதில்லை, போதாததற்கு நீரிழிவும் உண்டு. உணவு வேட்டைக்கு இதைவிடப் பயனற்ற துணை கிடைப்பது அரிது. ஆயினும் நண்பர்கள் நம்மை விடவில்லை. சாகசம் அவர்களுக்கு, சாட்சியம் நமக்கு என்று முதலிலேயே ஒப்பந்தமாயிற்று.

எல்லாம் கனடாக்காரரின் ஏற்பாடு. 1983 ஆடிக்குப் பிறகு அவர் கொழும்பில் ஓரிரவேனும் தங்கியதில்லை. மூன்று முறை தாயகம் வந்தார். மூன்று முறையும் கட்டுநாயக்காவில் இறங்கியதும் வாகனத்தில் ஏறி நேரே யாழ்ப்பாணம் போய்விட்டார். இம்முறை என்ன தோன்றிற்றோ, “கொழும்பிலை அந்த நாளிலை திண்டது எல்லாத்தையும் ஒருக்காத் திரும்பத் தின்ன வேணும்” என்று தொலைபேசியிற் சொன்னார். நாம் உடனே மற்ற இருவருக்கும் செய்தி அனுப்பினோம்.

வெள்ளவத்தையைச் சின்ன யாழ்ப்பாணம் என்பார்கள். காலி வீதியின் இருமருங்கும் புடவைக்கடை, நகைக்கடை, நாணயமாற்றுக் கடை. கடற்பக்கத்து ஒழுங்கைகள் இறங்கி முடியுமிடத்தில் புகையிரதப் பாதை, அதற்கப்பால் அலை. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேதான் 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. அதன் நூலகத்திலேதான் நாம் பகற்பொழுதைப் போக்குகிறோம். காலையுணவுக்கு நாம் வழமையாகப் போகும் சைவக் கடைக்கே நண்பர்களை அழைத்துச் சென்றோம். 2022இல் எரிவாயு கிடையாத மாதங்களில் விறகு மூட்டித் தோசை சுட்டுத் தந்த கடை அது. அந்த நன்றி நமக்கு இன்னும் உண்டு.

நமது சைவக் கடைகளுக்கு ஒரு தனி வழக்கம் இருக்கிறது. கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் போண்டாவும் ரோல்ஸும் மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டுமே காசு. மீதி அடுத்த மேசைக்குப் போகும். பில் எழுத வருபவர் தட்டை ஒருமுறை பார்ப்பார். எத்தனை குறைந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். 1982இல் ஒரு நாள் கனடாக்காரர் ஐந்து வடை தின்றுவிட்டு மூன்றென்று சொன்னார். கடைக்காரர் நம்பினார். கணக்கர் நம்பவில்லை, தம் பையிலிருந்து இரண்டு வடையின் காசை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அதை நினைவூட்டியதும் கனடாக்காரர் இம்முறை வடையை ஒவ்வொன்றாக உரத்து எண்ணிக்கொண்டே தின்றார். பக்கத்து மேசைக் குழந்தையொன்று அவருடன் சேர்ந்து எண்ணியது.

தோசை முடிந்து பால்தேநீர் வந்தது. கணக்கர் கண்ணாடிக் கிளாசை இரு கைகளாலும் பிடித்தபடி, யாரையும் பாராமல் ஒரு சங்கதி சொன்னார். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கத்தில் அவர் அதுவரை சொல்லாத சங்கதி.

1966ஆம் ஆண்டு. அவருக்கு எட்டு வயது. கண்ணில் ஏதோ குறை கண்டு, கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குக் காட்டவென்று தகப்பனார் அவரை இரவு மெயில் வண்டியிற் கூட்டி வந்தார். தகப்பனார் பனைச் சீவல் தொழிலாளி. விடியற்காலை கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டையில் ஒரு கடைக்குள் ஏறினார்கள். பரிசாரகர் வந்து யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேளாமல், மேசையில் இரண்டு கண்ணாடிக் கிளாசில் தேநீர் வைத்துவிட்டுப் போனார். தகப்பனார் அதைத் தொடவில்லை. கதவுப்பக்கம் பார்த்தார், காசு மேசையில் இருந்தவரைப் பார்த்தார், மகனையும் குடிக்க விடவில்லை. தேநீர் ஆறிப்போன பிறகுதான் கிளாசை எடுத்தார்.

“ஊரிலை எங்களுக்குப் போத்தலிலைதானே ஊத்துவினம். கடைக்கு வெளியிலை நிண்டு குடிக்க வேணும். அப்பா கிளாசிலை தேத்தண்ணி குடிச்சதை அண்டைக்குத்தான் முதல் கண்டனான்” என்றார் கணக்கர். பிறகு, “ஆறின தேத்தண்ணி” என்று சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

மலாய் நண்பருக்குச் சட்டென விளங்கவில்லை. கனடாக்காரர் அவருக்கு மெல்லிய குரலில் விளக்கினார். நாம் தட்டிலிருந்த சம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதற்குக் காரணம் உண்டு.

நம் பெரியப்பா ஊர்ச் சந்தியில் ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நாம் அங்கே எடுபிடி. கடையின் வெளித் தாழ்வாரத்தில் மூன்று ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் கழுத்தில் சணற்கயிறு கட்டிய ஒரு போத்தல். அவற்றுக்குரியவர்கள் வந்து முற்றத்தில் நின்று குரல் கொடுத்தால், கேத்திலோடு போய், அது போத்தல் வாயில் படாதபடி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். நாம் சிந்தாமல் ஊற்றுவோம், பெரியப்பா மெச்சுவார். இத்தகைய பாகுபாட்டைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. பெரியப்பா நாள் தவறாமல் பத்திரிகை வாசிப்பவர், சட்டம் அறியாதவரல்லர். 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தபோது, ஒரு நாள் அவர் போத்தல்களைக் கழற்றினார். மறுநாள் கடைக்குள் இருந்த வாங்குகளையும் கழற்றிவிட்டார். யாவரும் நின்றபடியே குடிக்கட்டும், ஒருவரோடொருவர் சமமாய் உட்கார வேண்டாம் என்பது அவர் கண்ட தீர்வு.

கணக்கரின் ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவே ஒரு வயல்வெளிதான்.

கடையை விட்டு வந்ததும் கனடாக்காரர் தாம் அக்காலத்தில் அறையெடுத்திருந்த ஒழுங்கைக்குப் போகவேண்டுமென்றார். 1983 ஆடி 25ஆம் திகதி அந்த வீடு எரிந்தது. இப்பொழுது அங்கே பல மாடிக் குடியிருப்பு நிற்கிறது. வாசற்காவலர் என்ன வேண்டும் என்று சிங்களத்திற் கேட்டார். கனடாக்காரர் சற்று யோசித்து, கழிப்பறை இருக்கிறதா என்று தாமும் சிங்களத்திற் கேட்டார். காவலர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். திரும்பி வந்தவர், “என்ரை அறை இருந்த இடத்திலை இப்ப கார் நிக்குது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மதியம் லம்பிரைஸ். ஒல்லாந்த பறங்கியர் நமக்கு விட்டுச்சென்ற உணவு இது. 1908இல் நிறுவப்பட்ட ஒல்லாந்த பறங்கியர் சங்கம் துன்முல்லையில் இருக்கிறது. அங்கே இது கிடைக்கும். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கறி, பொரித்த இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், இறாற் பொடிச் சம்பல் எல்லாவற்றையும் வாழையிலையிற் பொதிந்து மறுபடி சூட்டில் வைத்தெடுப்பார்கள். இலையைப் பிரித்தபோது எழுந்த வாசனைக்கு நமது சைவமும் ஒரு கணம் தலையசைத்தது. நண்பர்கள் மூவரும் பேச்சு மூச்சின்றி உண்டார்கள். நாம் இஞ்சிச் சோடாவும் வீட்டிலிருந்து கொண்டுசென்ற இரண்டு மாத்திரையும் உட்கொண்டோம்.

மாலை காலிமுகத்திடல். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் இந்தத் திடலின் நடைபாதையை முடித்தார். கொழும்பின் பெண்டிர் பிள்ளைகளின் நன்மை கருதி இதைப் பேணுங்கள் என்று தமக்குப் பின்வருவோருக்கு ஒரு கல்லிலும் பொறித்து வைத்தார். 2022இல் கூடாரமடித்திருந்த இளைஞர்கள் இதே திடலில் இலவசச் சமையற்கூடமும் நூலகமும் நடத்தினார்கள். இறால் வடைக்காரர்களோ எல்லா ஆட்சிக்கும் பொதுவானவர்கள். தட்டையான பருப்பு வடை. அதன்மேல் ஓட்டோடும் காலோடும் படுத்திருக்கும் இறால். அதன்மேல் வெங்காயமும் மிளகாயும் கலந்த சம்பல். இறாலைக் கழற்றிவிட்டால் மிச்சம் சைவந்தானே என்று கனடாக்காரர் நமக்கு நியாயம் சொன்னார். நாம் அவித்த கடலை வாங்கிக்கொண்டோம்.

கணக்கரும் நாமும் அலைகரை மதிலில் பக்கத்திற் பக்கமாய் அமர்ந்திருந்தோம். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தோம். “அண்டைக்கு நீர் சொன்ன அந்தப் போத்தல்...” என்னுமளவில் பட்டமொன்று அறுந்து நம் தலையில் விழுந்தது, ஒரு சிறுவன் ஓடிவந்தான். பட்டத்தின் மேற் பழிபோடுவது எளிது. உண்மையில் நமக்குத் துணிவு இல்லை. காலையிற் சொன்னதை அன்றைக்கு என்று சொன்ன தடுமாற்றமே அதற்குச் சான்று.

இரவுச் சாப்பாடு மலாய் நண்பர் வீட்டில். கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம். இன்று அதைச் சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. நண்பரின் ஒழுங்கையில் மட்டும் இன்னும் ஓடுவேய்ந்த வீடுகள் சில மிஞ்சியிருக்கின்றன. அவரது முன்னோர் ஒல்லாந்தரால் யாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொணரப்பட்ட போர்வீரர். உலகின் முதல் மலாய்ச் செய்தித்தாள்களில் ஒன்றான ‘அலாமத் லங்காபுரி’ 1869இல் கொழும்பிலேதான் வெளிவந்தது என்பதை ஒவ்வொரு விருந்திலும் அவர் ஒருமுறை சொல்வார். அன்றும் சொன்னார். பிட்டும் பாபத்தும் வந்தன. பாபத் என்பது மாட்டின் இரைப்பையைத் துப்புரவாக்கிப் பல மணி நேரம் வேகவைத்துச் செய்யும் கறி. அதை உண்பதற்கு உறுதி வேண்டும் என்று எண்ணியிருந்த கனடாக்காரர் மூன்று முறை கேட்டு வாங்கினார். பின்பு வட்டிலப்பம் வந்தது. கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சரி; முட்டை சேர்ந்துவிட்டதே என்று நாம் பெருமூச்செறிந்தோம்.

நமக்கென்று பருப்பும் பூசணிக்காய்க் கறியும் ஒரு சிறிய மண்சட்டியில் வந்திருந்தன. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1983 ஆடியில், கந்தோரிலிருந்து எங்கள் மூவரையும் இந்த வீட்டுக்குத்தான் மலாய் நண்பர் கூட்டி வந்தார். நான்கு நாள் முன்னறையில் இருந்தோம். ஊரடங்குச் சட்டம், கடையில்லை, வெளியே புகை. நண்பரின் தாயார் நாம் சைவமென்று கேட்டறிந்து, உள்ளே போய் ஒரு புதுச் சட்டியை எடுத்து வந்து காட்டினார். “இதில இறைச்சி பட்டதே இல்ல மகன். இன்னும் அடுப்புல வெக்கல்ல” என்றார். நான்கு நாளும் அந்தச் சட்டியில் நமக்குத் தனியாக உலை ஏறியது. தெருவில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாத வேளையில், மூன்று உயிரை ஒளித்து வைத்திருந்த ஒரு பெண்மணி, ஒருவனுடைய ஆசாரத்தையும் ஒளித்துக் காத்தார். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அங்கிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறை. கனடாக்காரர் அடுத்த ஆண்டே நாட்டைவிட்டுப் போய்விட்டார். தாயார் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. அந்தச் சட்டியும் உடைந்துவிட்டது. ஆனால் நாம் வந்தால் வேறோர் சட்டி வைக்கவேண்டுமென்பது அந்த வீட்டில் எழுதாச் சட்டம்.

“இவருக்கு எப்பவும் தனிச் சட்டி” என்றார் கணக்கர், பாபத்தைப் பிட்டோடு பிசைந்துகொண்டே. எல்லாரும் சிரித்தார்கள். நமக்குப் பருப்பு தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனை. சாந்த லூசியா பேராலயத்தின் பெரிய கூரைக்கோளம் தூரத்திலேயே தெரிந்தது. கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு அந்தோனியார் திருத்தலத்தின் பக்கம் நடந்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, இங்கே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். மலாய் நண்பர் அதன்பிறகு ஓராண்டுக்கு மேல் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லையாம். சிறுவயதில் தாயாரோடு செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி கொளுத்த வந்த இடம். தேநீர்க்கடையில் தம் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வது என்று நினைத்தாராம். “பேரைக் கேட்டு ஆரு தேத்தண்ணி ஊத்துறாங்க, மச்சான்?” என்று கனடாக்காரர் பகிடியாகக் கேட்டார். கணக்கர் நம்மைப் பார்த்தார். அல்லது, பார்த்ததாக நமக்குத் தோன்றிற்று.

பூசை முடிந்து சனம் வெளியேறிக்கொண்டிருந்தது. அருகேயிருந்த ஒரு சிறு கடையில் பாண், பருப்பு, மீன் குழம்பு, மாலுப் பாண் என்று வரிசையாக வந்தன. நமக்கு ஒரு கிம்புலா பனிஸ். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. முதலை வடிவில் நீண்டு, மேலே சீனி தூவிய பனிஸ். வாழ்நாளில் நாம் உண்ட ஒரே பிராணி அதுவே. சீனியைத் தட்டிவிட்டு உண்டோம். மற்ற இருவரும் மெழுகுதிரி கொளுத்தக் கோயிலுக்குள் போனார்கள். கணக்கரும் நாமும் தனித்திருந்தோம்.

இம்முறை பட்டம் ஏதும் விழவில்லை. சந்தியின் பெயரைச் சொன்னோம். பெரியப்பாவின் கடை என்று சொன்னோம். மூன்று ஆணிகளையும் சொன்னோம். ஊற்றியது நாம்தான் என்பதையும் சொன்னோம்.

கணக்கர் பாணைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

“அந்தக் கடை எனக்குத் தெரியும்.”

“நான் ஆரெண்டும் தெரியுமோ?”

“எண்பத்தொண்டிலை, கந்தோரிலை முதல் நாள், நீர் ஊர்ப்பேர் சொன்ன உடனை தெரியும்.” ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். “அந்தப் போத்திலை ஆர் கழுவிறது? நீரோ?”

“இல்லை. குடிச்ச ஆக்கள்தான் கழுவி மாட்ட வேணும்.”

“ஓம். அப்பிடித்தான்” என்றார். அது சரியான விடைதானா என்று நம்மைச் சோதித்தவர்போல இருந்தது. “முப்பது வருசத்துக்கு முந்தி நீர் இதைச் சொல்லியிருந்தால் நான் உம்மோடை கதை விட்டிருப்பன். இப்ப எனக்கு அறுபத்தைஞ்சும் தாண்டிப் போச்சு. ஆரோடை கதையை விடுறது?”

நாம் மன்னிப்புக் கேட்க முனைந்தோம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “அப்பாட்டைக் கேக்க வேண்டியது. அவர் இல்லை” என்றார். பின்னர் பரிசாரகரைக் கூப்பிட்டு இரண்டு பிளேன்ரீ சொன்னார். சூடாக வரட்டும் என்றார். வந்ததும் ஊதி ஊதிக் குடித்தார். நாமும் குடித்தோம்.

நண்பர் இருவரும் கோயில் வாசலில் கையசைத்தார்கள். “எழும்பும், போவம். இண்டைக்குப் பில் உம்மட” என்றார் கணக்கர். அவர்கள் இருவரும் தின்றதையும் சேர்த்து நாமே கொடுத்தோம். மிச்சக் காசை அவர் கைநீட்டி வாங்கி, இருமுறை எண்ணிப் பார்த்து, தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.